மழையில் நெட் போனதும் பேட்டரி ஆப் இன்வெர்ட்டரைக் காணவில்லை என்கிறது (கோத்தகிரி)

லாங்வுட்காரி · கோத்தகிரி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் சோலாரும் லித்தியம் பேட்டரியும் வைத்திருப்பவர்கள், குறிப்பாக மலையில் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்து வழி சொல்ல வேண்டும். விவரம் விட்டுப்போகக் கூடாது என்று நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு லாங்வுட் சோலைப் பக்கம். கீழே பழைய கல் கட்டிடம், மேலே பின்னாளில் எழுப்பிய ஒரு மாடி. அப்பா மாடி அறையில் இருக்கிறார். அவருக்கு நுரையீரல் நோய். இரவு முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். 5 லிட்டர் மெஷின், 350 வாட் பக்கம் இழுக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூரையும் கோத்தகிரியையும் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சில்வர் ஓக் சாய்ந்தால் கரண்ட் கம்பி அறுந்துவிடும். அதே கம்பத்தில் வரும் ஃபைபர் கேபிளும் கூடவே போய்விடும். அதற்குப் பயந்துதான் கடன் வாங்கி இந்த பேட்டரியை வைத்தோம்.

பேட்டரி லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 16 செல், 51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர். அதாவது 5.12 யூனிட். மெஷினோடு ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் சுமார் 12 மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டரின் அடியில் ஒரு வைஃபை டாங்கிள் (பேட்டரி விவரத்தை வைஃபையில் அனுப்பும் சின்னக் கருவி) செருகியிருக்கிறது. ஃபோனில் அந்தக் கம்பெனியின் ஆப் இருக்கிறது.

நெட் இருக்கும் நாளில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி எத்தனை சதவீதம், எவ்வளவு வாட் போகிறது, சோலார் எவ்வளவு வருகிறது, எல்லாம் 5 நிமிடத்துக்கு ஒரு முறை புதிதாக வரும். நெட் போனால் ஆப்பில் 'லோக்கல்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. இன்டர்நெட் இல்லாமலேயே வீட்டு வைஃபை வழியாக டாங்கிளோடு நேரே பேசும் என்று சொல்லித்தான் பொருத்த வந்தவர் அதைத் திறந்து காட்டினார். அன்றைக்கு வேலை செய்தது. இப்போது தேடுகிறது, சுற்றுகிறது, கடைசியில் 'சாதனம் கிடைக்கவில்லை' என்று நின்றுவிடுகிறது.

நான் கவனித்தவை இவை. ஹாலில் இருக்கும் ஃபைபர் பெட்டி, மாடியில் இருக்கும் ரவுட்டர் இரண்டுக்கும் பேட்டரி லைனிலிருந்துதான் கரண்ட். கேபிள் அறுந்த நாளில் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும், ஆனால் வைஃபை பெயர் ஃபோனில் வரும். ஹாலில் நின்று தேடினால் சில நேரம் லோக்கல் கிடைக்கிறது. மாடியில், அப்பா கட்டில் பக்கத்தில், ஒருபோதும் கிடைப்பதில்லை. அங்கே வைஃபை கோடு முழுசாக இருக்கிறது.

இன்வெர்ட்டர் திரையைப் போய்ப் பார்த்துவிடலாமே என்று சொல்வீர்கள். இன்வெர்ட்டர் பின்கட்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது. அங்கே போக வீட்டைச் சுற்றி வெளியேதான் வழி. இருட்டில் காட்டெருமை தேயிலைக்குள் நிற்கும், சில நாள் எங்கள் படிக்கட்டுப் பக்கமே வந்து நிற்கும். தவிர, அந்தத் திரையில் வோல்ட் மட்டும்தான் தெரியும். இந்த வகை பேட்டரி நிறைந்திருந்தாலும் பாதி இறங்கியிருந்தாலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் காட்டும். எனக்குத் தேவை சதவீதம். அப்பாவை விட்டு நகராமல், இரவு எத்தனை மணிக்கும் அது எனக்குத் தெரிய வேண்டும். நெட் இல்லாத இரவில்தான் அந்த எண் எனக்கு வேண்டும். மற்ற நாளில் தெரிந்து என்ன பயன்?

---

கேத்தி_கேரட் · கேத்தி

அக்கா, முதலில் எளிதானதை முடித்துவிடலாம்.

உங்கள் ஃபோன் ஆண்ட்ராய்டா? அப்படியானால் வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் அது தானாக சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். மேலே வைஃபை குறி இருக்கும், ஆப் அனுப்புவது மட்டும் சிம் வழியாக வெளியே போகும். டாங்கிள் வீட்டுக்குள் இருக்க, ஆப் அதை வெளியே தேடினால் எப்படிக் கிடைக்கும்? மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, இணைந்தே இருக்கவா' என்று கேட்டால் ஆம் கொடுங்கள். ஆப்புக்கு லொக்கேஷன் அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் பல ஆப்களால் வைஃபை விவரத்தைப் பார்க்க முடியாது.

ஐஃபோன் என்றால் வேறு கதை. 2020-ல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேட ஒவ்வொரு ஆப்பும் தனியாக அனுமதி வாங்க வேண்டும். முதல் தடவை கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் அது திரும்பக் கேட்காது. செட்டிங்ஸில் தனியுரிமைக்குள் 'லோக்கல் நெட்வொர்க்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஆப்பின் பெயருக்கு நேரே சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டாங்கிள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும், 5 எடுக்காது. ஆனால் உங்களுக்கு நெட் இருக்கும்போது தகவல் வருவதால் அது வைஃபையில் ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது. அதில் சிக்கல் இருக்காது.

---

லாங்வுட்காரி · கோத்தகிரி

நன்றி தம்பி. இரண்டு ஃபோனிலும் பார்த்துவிட்டேன். என்னுடையது ஆண்ட்ராய்டு. மொபைல் டேட்டாவை அணைத்து, லொக்கேஷன் கொடுத்து மாடியில் தேடினேன். கிடைக்கவில்லை. என் தம்பியின் ஐஃபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதி முதலிலிருந்தே இருக்கிறது. அதிலும் மாடியில் இல்லை. ஹாலுக்கு இறங்கி வந்தபோது தம்பி ஃபோனில் உடனே கிடைத்தது, என்னுடையதில் வரவில்லை. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

கல் சுவர்தான் காரணம், மாடிக்கு ஒரு வைஃபை பூஸ்டர் வாங்கிப் போடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கவா?

---

குன்னூர்_வயர்காரர் · குன்னூர்

சகோதரி, பூஸ்டர் வாங்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் சிம்ஸ் பார்க் பக்கம் இன்வெர்ட்டர், கேமரா, நெட் வயரிங் எல்லாம் செய்பவன். நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரே சோபாவில் இரண்டு ஃபோன், ஒன்றில் கிடைக்கிறது, இன்னொன்றில் கிடைக்கவில்லை. சுவர் காரணமாக இருந்தால் இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். மாடியில் கோடு முழுசாக இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். ஆகவே அலை எட்டாத பிரச்சினை இல்லை. உங்கள் வீட்டில் ஒரு நெட்வொர்க் இல்லை, இரண்டு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விளக்குகிறேன். ஃபைபர் பெட்டிக்குள்ளேயே ஒரு ரவுட்டர் உண்டு, வைஃபையும் உண்டு. அது தன்னோடு சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண் கொடுக்கும். பெரும்பாலும் 192.168.1 என்று ஆரம்பிக்கும். மாடிக்கு இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்துச் செருகினால், அதுவும் தன் பங்குக்குத் தனியாக எண் கொடுக்க ஆரம்பிக்கும். அது 192.168.0 என்று இருக்கும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஃபோன் எது பலமாக இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை லேசில் விடவும் விடாது. மாடியிலிருந்து இறங்கி வந்த உங்கள் ஃபோன் இன்னும் மாடி ரவுட்டரிலேயே இருந்திருக்கும், தம்பியின் ஃபோன் கீழ்ப் பெட்டிக்கு மாறியிருக்கும். டாங்கிள் ஸ்டோர் ரூமிலிருந்து பக்கத்தில் உள்ள கீழ்ப் பெட்டியில் சேர்ந்திருக்கும். தம்பியும் டாங்கிளும் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம்.

நெட் இருக்கும்போது இது ஏன் தெரியவில்லை? டாங்கிள் தகவலை வெளியே கம்பெனி சர்வருக்கு அனுப்புகிறது. உங்கள் ஃபோன் அந்த சர்வரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டும் இன்டர்நெட்டைத் தொட்டால் போதும், வீட்டுக்குள் ஒன்றை ஒன்று பார்க்கவே வேண்டாம். ஸ்டோர் ரூமில் இருக்கும் பேட்டரியின் சதவீதம் எங்கோ இருக்கும் சர்வர் வரை போய்த்தான் உங்கள் மாடிக்கு வருகிறது. கேபிள் அறுந்தால் அந்தச் சுற்று வழி அடைபட்டுவிடும். அப்போதுதான் வீட்டுக்குள் நேர் வழி இருக்கிறதா என்பது தெரிய வரும். மலையில் நான் பார்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இந்த நேர் வழியை யாரும் ஒரு தடவைகூடச் சோதித்திருப்பதில்லை. பொருத்துபவர்கள் கிளவுடில், அதாவது அந்த கம்பெனி சர்வர் வழியில், பச்சை விளக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உங்கள் அப்பா மாதிரி ஒருவர் இருக்கும் வீட்டில் அந்தச் சோதனைதான் முதலில் செய்ய வேண்டியது.

இப்போது நீங்கள் மூன்று காரியம் செய்யுங்கள். அவசரம் இல்லை, வெயில் நாளில் நெட் இருக்கும்போதே செய்யலாம்.

முதலில் மாடியில் நின்று ஃபோனில் வைஃபை பெயரை அழுத்திப் பிடியுங்கள். விவரப் பக்கத்தில் ஐபி முகவரி இருக்கும். நான்கு எண்களில் மூன்றாவது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாலுக்கு வந்து வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டு அதையே திரும்பப் பாருங்கள்.

அப்புறம் டாங்கிளின் எண். கீழே நிற்கும்போது பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் ஃபைபர் பெட்டியின் பக்கம் திறக்கும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். அதில் சேர்ந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். டாங்கிளுக்குச் சரியான பெயர் இருக்காது. 'எஸ்பிரெசிஃப்' என்றோ வெறும் எழுத்தும் எண்ணுமாகவோ வரும். டாங்கிள் ஸ்டிக்கரில் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) அச்சிட்டிருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் டாங்கிளைக் கழற்றிச் செருகிப் பாருங்கள், பட்டியலில் எது மறைந்து வருகிறதோ அதுதான்.

மூன்றாவது, உங்கள் ஆப்பின் லோக்கல் பிரிவில் 'தேடு' என்பதோடு 'ஐபி முகவரி மூலம் இணை' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மாடியில் நின்றுகொண்டு டாங்கிளின் எண்ணைக் கையால் அடியுங்கள்.

மூன்றும் எழுதுங்கள். நான் இரவு பார்க்கிறேன்.

---

பூம்பாறை_மலைப்பூண்டு · கொடைக்கானல் மேல்மலை

வயர்காரர் அண்ணன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதோடு சேர்த்து எங்கள் அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன், உங்களுக்கு இல்லாவிட்டாலும் பின்னால் வந்து படிப்பவர்களுக்கு உதவும்.

எங்களுக்கு ஒரே ரவுட்டர்தான். ஆனாலும் லோக்கல் கிடைக்காமல் இருந்தது. காரணம், மகன் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுச் சாதன மென்பொருளை ஓட்டுகிறான், அது இன்வெர்ட்டரிலிருந்து விடாமல் எண்களை எடுத்துக்கொண்டே இருக்கும். எங்கள் டாங்கிள் 8899 என்ற போர்ட்டில் ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். அந்த ஒரு இடத்தை ராஸ்பெர்ரி பை பிடித்துக்கொண்டால் ஆப்புக்கு இடம் இல்லை. நெட்வொர்க் எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்று வந்தால், வீட்டில் வேறு யாருடைய ஃபோனிலாவது அதே ஆப் லோக்கலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை மூடியதும் கிடைத்துவிடும்.

இன்னொன்று விபிஎன், அதாவது ஃபோன் அனுப்புவதையெல்லாம் ஆபீஸ் வழியாகத் திருப்பும் இணைப்பு. மருமகள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் விபிஎன் ஓடும்போது அவளுடைய ஃபோனில் வீட்டுக்குள் இருக்கும் எதுவும் தெரியாது, பிரின்டர்கூட. விபிஎன்னை நிறுத்தினால் எல்லாம் வந்துவிடும்.

ரவுட்டரில் 'கெஸ்ட்' வைஃபை, 'ஏபி ஐசோலேஷன்' என்று இரண்டு உண்டு. இவற்றில் எது போட்டிருந்தாலும் ஒரே வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. தங்கும் விடுதி நடத்துபவர்கள் விருந்தினருக்காக அதைப் போட்டுவிட்டு, டாங்கிளையும் அதே வைஃபையில் சேர்த்துவிடுவார்கள். கொடைக்கானலில் இது நிறைய.

---

லாங்வுட்காரி · கோத்தகிரி

அண்ணா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது.

மாடியில் என் ஃபோன் 192.168.0.104. ஹாலில் வைஃபையை அணைத்துப் போட்டதும் 192.168.1.7. டாங்கிள் ஃபைபர் பெட்டியின் பட்டியலில் 192.168.1.5 என்று இருக்கிறது. டாங்கிளைக் கழற்றிச் செருகித்தான் கண்டுபிடித்தேன்.

மாடிக்குப் போய் ஆப்பில் கையால் 192.168.1.5 என்று அடித்தேன். வந்துவிட்டது! சதவீதம், வாட், செல் சூடு எல்லாம். கிளவுடில் 5 நிமிடம் காத்திருப்பது இங்கே சில நொடியில் மாறுகிறது. அப்பாவிடம் காட்டினேன், மெஷின் எவ்வளவு வாட் எடுக்கிறது என்று கண் முன்னால் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. வேறு நெட்வொர்க் என்றால் கையால் அடித்தாலும் வரக்கூடாதே? தேடினால் வராமல், எண்ணைச் சொன்னால் மட்டும் ஏன் வருகிறது? இப்படியே விட்டுவிடலாமா?

மாடி ரவுட்டர் போன வருடம் அப்பாவுக்கு டாக்டரோடு வீடியோவில் பேச வேண்டியிருந்தபோது வாங்கியது. பேட்டரி அதற்கு முன்பே வைத்தாயிற்று. பொருத்தியவர் காட்டியபோது லோக்கல் ஏன் வேலை செய்தது என்பதும் இப்போது விளங்குகிறது.

---

குன்னூர்_வயர்காரர் · குன்னூர்

நல்லது. இப்போது காரணம் உறுதியாகிவிட்டது.

ஆப் தேடும்போது 'இங்கே டாங்கிள் யாராவது இருக்கிறீர்களா' என்று பொதுவாகக் கூப்பிடும். அது ஊரில் தண்டோரா போடுவது மாதிரி, அந்த ஊர் எல்லையோடு நின்றுவிடும். ரவுட்டர் அந்தக் கூப்பாட்டை அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தாது. ஆனால் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினால், மாடி ரவுட்டர் அது தன்னிடம் இல்லை என்று பார்த்து, கீழே ஹாலில் இருக்கும் ஃபைபர் பெட்டியிடம் தள்ளிவிடும். டாங்கிள் அங்கே இருப்பதால் போய்ச் சேர்ந்துவிடும்.

இது ஒருவழிப் பாதை என்பதை மனதில் வையுங்கள். உள்ளே இருக்கும் மாடி நெட்வொர்க்கிலிருந்து வெளியே இருக்கும் கீழ் நெட்வொர்க்குக்குப் போகலாம். கீழிருந்து மாடிக்குள் நுழைய முடியாது, மாடி ரவுட்டர் தடுத்துவிடும். ஒரு நாள் ஃபைபர் பெட்டி மட்டும் அணைந்து எரிந்து, அந்த நேரத்தில் டாங்கிள் மாடி வைஃபையில் போய் ஒட்டிக்கொண்டால், ஹாலில் இருப்பவருக்குத் தேடினாலும் கிடைக்காது, எண் அடித்தாலும் கிடைக்காது. தவிர 192.168.1.5 என்பது நிலையான எண் இல்லை. கரண்ட் போய் வந்தால் 1.9 ஆகலாம். நடுராத்திரி அந்த எண்ணை எங்கே போய்த் தேடுவீர்கள்? ஆகவே இப்படியே விட வேண்டாம். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆக்கிவிடுங்கள்.

மாடி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து 'ஆபரேஷன் மோட்' என்று இருக்கிறதா பாருங்கள். அதில் 'ரவுட்டர்' என்பதை 'அக்சஸ் பாயின்ட்' என்று மாற்றினால் அது எண் கொடுக்கும் வேலையை விட்டுவிடும், வைஃபை மட்டும் பரப்பும். எண் கொடுப்பது முழுக்கக் கீழ்ப் பெட்டியின் வேலை ஆகிவிடும். இப்போது வரும் ரவுட்டர்களில் இது பெரும்பாலும் உண்டு.

பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லாவிட்டால் கையால் செய்யலாம். முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். ஃபைபர் பெட்டி கொடுக்கும் எண்களின் வரிசை 1.2-லிருந்தே ஆரம்பித்தால் அந்த வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள், இரண்டு சாதனத்துக்கு ஒரே எண் விழக்கூடாது. அப்புறம் மாடி ரவுட்டரில் டிஎச்சிபி என்பதை, அதாவது எண் கொடுக்கும் வேலையை, அணையுங்கள். கடைசியாக, கீழிருந்து வரும் கேபிளைத் தனி நிறத்தில் இருக்கும் 'வான்' போர்ட்டிலிருந்து எடுத்து, மற்ற 'லேன்' போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் ரவுட்டர் பக்கத்தைத் திரும்பத் திறப்பது சிரமம்.

அப்புறம் டாங்கிளுக்கு நிலையான எண். ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்று இருக்கும். டாங்கிளின் மேக் முகவரிக்கு 192.168.1.50 என்று கட்டிவிடுங்கள். எத்தனை தடவை கரண்ட் போய் வந்தாலும் அதே எண்தான் கிடைக்கும். அந்த எண்ணை ஒரு பேப்பரில் எழுதி அப்பா அறையில் ஒட்டிவிடுங்கள்.

நெட் இல்லாத நிலையை ஒரு முறை சோதித்தே ஆக வேண்டும். அதற்காகப் பச்சை முனை உள்ள ஃபைபரைப் பிடுங்க வேண்டாம், முனையில் தூசி பட்டாலே போதும், சிக்னல் கெடும். அதற்குள் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்கு நேரே பிடிக்கவும் கூடாது. பெட்டியின் பக்கத்திலேயே இன்டர்நெட் இணைப்பை மட்டும் தற்காலிகமாக நிறுத்த வழி இருந்தால் அதைச் செய்யுங்கள். அந்த நேரத்தில் ஆப்பை முழுசாக மூடித் திறந்து பாருங்கள். சில ஆப் திறந்ததுமே லாகின் கேட்டு நெட்டுக்காகக் காத்து நிற்கும், லோக்கல் பக்கம் வரை போகவே விடாது. அப்படி இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒருவேளை இரண்டு ரவுட்டருமே செத்துவிட்டால் கடைசி வழி டாங்கிளின் சொந்த ஹாட்ஸ்பாட். ஸ்டிக்கரில் அதன் பெயர் இருக்கும், ஃபோனை நேரே அதில் சேர்க்கலாம். ஆனால் உங்கள் ஸ்டோர் ரூமிலிருந்து கல் சுவரைத் தாண்டி மாடி வரை அது வருமா என்பதைச் சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

---

தலைக்குந்தா_பனி · ஊட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வயர்காரர் அண்ணா, எங்களுக்கு லோக்கல், கிளவுட் இரண்டும் நன்றாக வருகிறது. ஆனால் ஜனவரி காலையில் புல் எல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும்போது, வெயில் வந்த பிறகும் ஆப்பில் சார்ஜ் 0 என்றே காட்டுகிறது. 10 மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. ஆப் தப்பாகக் காட்டுகிறதா?

---

குன்னூர்_வயர்காரர் · குன்னூர்

ஆப் சரியாகத்தான் காட்டுகிறது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். அதனால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) செல் சூடு ஏறும் வரை சார்ஜை அடைத்து வைக்கிறது. லோக்கலில் செல் சூடு என்ற இடத்தைக் காலையில் பாருங்கள், 0 பக்கத்தில் நிற்கும். உங்கள் பேட்டரி வெளிச் சுவர் பக்கமோ தகரக் கொட்டகையிலோ இருந்தால் வீட்டுக்குள் மாற்றி வையுங்கள். கரண்ட் எடுப்பதற்கு இந்தக் குளிர் தடை இல்லை, ஏற்றுவதற்குத்தான்.

---

லாங்வுட்காரி · கோத்தகிரி

அண்ணா, மாடி ரவுட்டரில் அக்சஸ் பாயின்ட் மோட் இருந்தது. மாற்றிவிட்டேன். இப்போது மாடியிலும் ஹாலிலும் எல்லா ஃபோனும் 192.168.1 என்றே காட்டுகிறது. டாங்கிளுக்கு 1.50 கட்டியாகிவிட்டது. இன்டர்நெட்டை நிறுத்திச் சோதித்தேன். மாடியில் 'தேடு' அழுத்தியதும் தானாகவே கிடைத்தது, என் ஃபோனிலும் தம்பி ஃபோனிலும். மொபைல் டேட்டா போட்டிருந்தால் மட்டும் என் ஃபோன் பழையபடி தாவுகிறது. கேத்தி தம்பி சொன்னபடி இணைந்தே இருக்கச் சொல்லிவிட்டேன், இனி தாவாது. பூஸ்டர் வாங்கவில்லை.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஆப்பில் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் அறிவிப்பு வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இனி நெட் இல்லாத இரவிலும் லோக்கல் வழியாக அந்த அறிவிப்பு வரும் என்று நம்பித் தூங்கலாமா?

---

குன்னூர்_வயர்காரர் · குன்னூர்

நம்பித் தூங்காதீர்கள். கேட்டது ரொம்ப நல்லது.

அந்த அறிவிப்பை உங்கள் டாங்கிள் அனுப்புவதில்லை. கம்பெனி சர்வர் பார்த்து, கூகுள் அல்லது ஆப்பிள் சர்வர் வழியாக உங்கள் ஃபோனுக்குத் தள்ளுகிறது. வீட்டுக்கு நெட் இல்லாவிட்டால் பேட்டரி இறங்குவது அந்த சர்வருக்கே தெரியாது. லோக்கலில் நீங்கள் திறந்து பார்த்தால் எண் தெரியும். அது தானாக எழுப்பாது.

உங்கள் இன்வெர்ட்டர் கையேட்டில் 'ட்ரை கான்டாக்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் ஒரு சுவிட்ச் மாதிரி தானாக மூடும் இரண்டு முனைகள். ஜெனரேட்டரைக் கிளப்புவதற்காக வைத்தது. அதில் பேட்டரி செல்லில் ஓடும் ஒரு சாதாரணக் காலிங் பெல்லை இணைத்து, மணியை மாடி அறையில் வைக்கலாம். வைஃபையும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், ஒரு ஜோடி ஒயர் போதும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் தாங்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். அளவை 40 சதவீதத்தில் வையுங்கள், எழுந்து ஏற்பாடு செய்ய உங்களுக்கு நேரம் வேண்டும்.

மூட்டம் போட்டு நாள்கணக்கில் சோலாரில் முழுசாக ஏறாமல் இருந்தால் அந்தச் சதவீதமே மெல்லத் தப்ப ஆரம்பிக்கும். பிஎம்எஸ் ஒரு தடவை 100 வரை ஏறினால்தான் கணக்கைச் சரி செய்துகொள்ளும். மழைக் காலத்தில் கரண்ட் இருக்கும் நாளில் லைனிலிருந்து ஒரு முறை முழுசாக ஏற்றிவிடுங்கள்.

அப்பாவின் டாக்டரிடம் கேட்டு ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டரும் அந்த அறையில் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை லிட்டரில் திறக்க வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுக்கட்டும். பெல் இணைக்க அரவேணு பக்கம் வேலைக்கு வரும்போது நானே எட்டிப் பார்க்கிறேன். இன்வெர்ட்டர் மாடல் எண்ணை மட்டும் இங்கே எழுதுங்கள்.